குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது: மலையகத்தில் காட்டு ஹொலிஹொக்

நுவரெலியாவில் எந்தச் சீமைப் பூவும் வரும் என்றொரு நம்பிக்கை நம் பக்கத்தில் உண்டு. வெள்ளைக்காரர்கள் இந்தக் குளிரைப் பார்த்துத்தானே பங்களா கட்டிக் குடியேறினார்கள், அவர்கள் ஊர்ச் செடி இங்கே வராமல் வேறெங்கே வரும் என்பார்கள். டேலியா வருகிறது, ஜெரேனியம் வருகிறது, ஹைட்ரேஞ்சியா வேலியோரமெல்லாம் குலை குலையாகப் பூக்கிறது. ஆனால் ஆளுயரத் தண்டில் வரிசையாகப் பூக்கும் ஹொலிஹொக்கை நட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "முதல்ல நல்லாத்தான் வந்துச்சு, மழை தொடங்கினதும் இலையெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

காரணம் எளிது. இந்தச் செடி குளிருக்கு அஞ்சாது. அதைக் கொல்வது ஈரம். இது பிடிபட்டால் பராமரிப்பில் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். இதை விளக்க, பூக்கடைகளில் கிடைக்கும் சாதாரண ஹொலிஹொக்கை விட்டுவிட்டு அதன் காட்டு உறவினர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மஞ்சள் நிறத்தில் பூக்கும் அல்சியா ருகோசா. மலையகத்தில் ஹொலிஹொக் வளர்க்க ஆசைப்படுபவருக்கு என் சிபாரிசும் இதுதான்.

முதலில் "காட்டு இனம்" என்றால் என்ன என்று பார்ப்போம். தோட்டங்களில் நாம் காணும் ஹொலிஹொக்கின் பெயர் அல்சியா ரோசியா. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டிலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆனால் இதுதான் அதன் பிறந்த காடு என்று ஓர் இடத்தை எவராலும் உறுதியாகச் சுட்டிக்காட்ட முடியவில்லை. மேற்காசியா, ஐரோப்பா, சீனா என்று பல நூற்றாண்டுகளாக மனிதர் கைமாறி வந்த செடி அது. சிவப்பு, ரோஸ், வெள்ளை, கறுப்புக்கு நெருங்கிய ஊதா என எத்தனையோ நிறங்கள். அடுக்கடுக்காக இதழ் மடிந்த வகைகளும் உண்டு. இவையெல்லாம் மனிதர் தேர்ந்து தேர்ந்து விதை எடுத்ததால் வந்தவை. அழகுக்காகத் தேர்ந்தார்கள், நோய் தாங்குவதற்காகத் தேர்ந்தவர்கள் குறைவு.

காட்டு இனத்துக்கு அப்படியொரு வரலாறு இல்லை. கிழக்கு மத்தியதரைக் கரையிலிருந்து துருக்கி, ஈரான் வழியாக மத்திய ஆசியா வரை அல்சியா பேரினத்தில் அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் மனிதர் தயவில்லாமல் வளர்கின்றன. அவற்றில் ஒன்றான அல்சியா ருகோசா உக்ரேன், தென் ரஷ்யா, கவ்காசு மலைப் பகுதிகளுக்குச் சொந்தமானது. நிறம் ஒன்றே ஒன்று: வெளிறிய எலுமிச்சை மஞ்சள். இதழ் ஐந்தே ஐந்து, அடுக்குக் கிடையாது. நிற விளையாட்டுத் தேடுபவருக்கு இது சப்பென்று தெரியலாம். எனக்கென்னவோ மூடுபனி நாளில் அந்த மஞ்சள் தூரத்திலிருந்தே கண்ணில் படுவது வேறெந்த நிறத்துக்கும் வாய்க்காது என்று தோன்றுகிறது.

செடியை அடையாளம் காண்பது எப்படி?

இது நமக்கு அந்நியக் குடும்பமல்ல. செம்பருத்தி, வெண்டி, பூவரசு, பருத்தி, துத்தி, புளிச்சக்கீரை எல்லாம் இதே குடும்பம்தான். வாசலில் நிற்கும் செம்பருத்திப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி பாடம் முடிந்துவிடும். நடுவிலே நீண்டு நிற்கும் தண்டு இருக்கிறதல்லவா? மகரந்தக் காம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகி, அதற்குள்ளே பெண் பாகத்தின் சூல்தண்டு ஏறிப் போகிறது. ஹொலிஹொக்கிலும் இதே அமைப்புத்தான், ஆனால் குழாய் குட்டையானது, பூவுக்கு வெளியே நீட்டாது. இலையைக் கசக்கினால் வழுவழுப்பாக வருவதும் குடும்பக் குணம். வெண்டிக்காயை நறுக்கும்போது கத்தியில் ஒட்டுகிற அதே பசை.

பூவின் பச்சைப் புல்லிக்குக் கீழே இன்னொரு பச்சை வட்டம் இருக்கும். அதைப் புறப்புல்லி வட்டம் என்பார்கள். அல்சியாவில் இது பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மடல்களாக, அடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும். நெருங்கிய உறவான மால்வா செடிகளில் வழக்கமாக மூன்றே மடல், அதுவும் தனித்தனியாக. விதைப் பையில் ஒரு படம், உள்ளே வேறொரு விதை என்பது பூவிதை வியாபாரத்தில் சாதாரணம். பூத்த பிறகாவது நீங்கள் வாங்கியது ஹொலிஹொக்தானா என்று அறிய இந்த மடல்களை எண்ணிப் பார்க்கலாம்.

ருகோசாவின் இலை ஐந்து மடலாக ஆழமாகப் பிளந்திருக்கும். மேற்பரப்பு சுருக்கம் சுருக்கமாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். தண்டிலும் இலையிலும் மயிர் அடர்ந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த மயிர்கள் நட்சத்திரம் போலக் கிளைத்திருப்பது தெரியும். மெல்லிய தோல் உள்ளவர்களுக்கு அரிப்பெடுக்கலாம். பழைய இலை கழிக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

முதல் வருடம் செடி தரையோடு தரையாக இலைக்கொத்தை மட்டும் விரிக்கும். பூத்தண்டு எழும்புவது பெரும்பாலும் இரண்டாம் வருடம். "ஒரு வருஷமா வெறும் இலைதான், மலட்டுச் செடி போல" என்று பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வருடத்தில் அது நிலத்துக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. தடித்த ஆணிவேர் ஒன்றை ஆழமாக இறக்குகிறது. அந்த வேரை நம்பித்தான் அடுத்த வருடம் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் உயரத்துக்குத் தண்டு போகிறது. பூக்கள் எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் அகலம் வரை இருக்கும். கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும். சாதாரண ஹொலிஹொக் இரண்டாம் வருடம் பூத்துவிட்டு ஓய்ந்துபோவது வழக்கம். ருகோசா நெடுங்காலச் செடி, நிலம் பிடித்துப்போனால் அடியிலிருந்து மறுபடி மறுபடி துளிர்க்கும்.

பூவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. விரிந்ததும் முதலில் மகரந்தத்தைத்தான் உதிர்க்கும். பெண் பாகத்தின் நுனிகள் அப்போது குழாய்க்குள்ளே ஒளிந்திருக்கும். மகரந்தம் தீர்ந்த பிறகுதான் அவை வெளியே வந்து விரியும். தன் மகரந்தம் தனக்கே சேராமல் தேனீ வேறு பூவிலிருந்து கொண்டுவரட்டும் என்ற ஏற்பாடு இது. எவரும் வரவில்லை என்றால் கடைசியில் அந்த நுனிகள் பின்பக்கமாகச் சுருண்டு, மிச்சமிருக்கும் சொந்த மகரந்தத்தையே தொட்டுக்கொள்ளவும் கூடும். காய் முற்றியதும் தோடம்பழச் சுளைகளைப் போல வட்டமாக அடுக்கிய துண்டுகள் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை.

பிறந்த ஊர் எப்படிப்பட்டது?

அல்சியா ருகோசாவின் தாயகம் மரமில்லாத பரந்த புல்வெளி. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 பாகைக்கும் கீழே போகக்கூடிய இடம். கோடையில் 30 பாகையைத் தாண்டும். மழையோ வருடத்துக்கு 400, 500 மில்லிமீற்றர் அளவில்தான். மண் கறுப்பு, ஆழம் மிக்கது, புளிப்பில்லாதது. காற்று எப்போதும் வீசிக்கொண்டிருக்கும், இலையில் பனி விழுந்தாலும் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், சராசரி வெப்பநிலை 16 பாகையளவு. தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிந்து உருளைக்கிழங்குப் பாத்திகள் கருகுவதுண்டு. புல்வெளியில் பிறந்த செடிக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மழை வருடத்துக்கு 1,900 மில்லிமீற்றர் அளவு. வட்டவளைப் பக்கம் போனால் 5,000ஐ எட்டும். அதாவது தாய்நாட்டைப் போலப் பத்து மடங்கு. மண் சிவந்தது, புளிப்பு மிக்கது, தேயிலைக்கு வாய்ப்பானது. பகல் நீளமும் வேறு. உக்ரேனில் ஆனி மாதத்தில் பகல் பதினாறு மணி நேரம். நமக்கு வருடம் முழுவதும் பன்னிரண்டை ஒட்டியே. அதனால் வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கும் மாதக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே பூவுக்குக் காத்திருக்கக் கூடாது.

ஆகவே முதல் கேள்வி, நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதுதான். உயரத்தை அப்புறம் பார்க்கலாம்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும். மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன், வட்டவளை, தலவாக்கலை எல்லாம் அந்தச் சரிவு. வாரக் கணக்கில் வெயில் தலைகாட்டாத இடங்கள். மழையை அங்கே இறக்கிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவா பக்கம் இறங்கும்போது அதே காற்று உலர்ந்து போகிறது. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை, வெலிமடைப் பக்கத்தவர்கள் இந்தக் கச்சான் காற்றை நன்றாக அறிவார்கள். ஆடி, ஆவணியில் கொழுந்தைச் சுருக்கி ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை தருவதும் இந்த உலர்காற்றுத்தான். காட்டு ஹொலிஹொக்குக்கு நம் நாட்டில் ஒரு வீடு உண்டென்றால் அது இந்தக் கிழக்குச் சரிவு. அங்கே 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறவர்கள் தைரியமாக முயலலாம். நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். மஸ்கெலியா, வட்டவளைக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கூரைக்கடியில் வைத்தால் தவிர இந்தச் செடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே ஹைட்ரேஞ்சியா ராணி மாதிரி வரும், அதை வையுங்கள்.

துரு

ஹொலிஹொக்கின் பெரிய எதிரி துருநோய். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் கலந்த பழுப்புக் கொப்புளங்கள் தோன்றும், மேற்பக்கத்தில் அதே இடத்தில் மஞ்சள் புள்ளி. பிறகு இலை கருகிச் சுருண்டு தொங்கும். நிலத்தை ஒட்டிய முதிர்ந்த இலைகளில் தொடங்கி மேலே ஏறும். இதைச் செய்யும் பூஞ்சணத்தின் பெயர் பக்சினியா மல்வாசியாரம். அதன் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் சிலி நாடு. 1869இல் ஸ்பெயினில் தென்பட்டது, 1873க்குள் இங்கிலாந்தை எட்டி அங்கே ஹொலிஹொக் வளர்ப்பவர்களைக் கலங்கடித்தது.

1869 என்றதும் மலையக வரலாறு அறிந்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதே வருடம்தான் மடூல்சீமையில் கோப்பி இலையில் துரு கண்டுபிடிக்கப்பட்டது. நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு இழுத்து வந்த பயிர் கோப்பி. அதை இருபது வருடத்துக்குள் அழித்து, தேயிலைக்கு இடம் பண்ணிக் கொடுத்தது அந்தப் பூஞ்சணம். கோப்பித் துருவும் ஹொலிஹொக் துருவும் வேறு வேறு இனங்கள், ஒன்று மற்றதன் செடியைத் தொடாது. ஆனால் இரண்டும் துருப் பூஞ்சண வகைதான், இரண்டுக்கும் வேண்டியது ஒன்றேதான்: மணிக்கணக்கில் நனைந்திருக்கும் இலை.

கோதுமைத் துருவைப் போன்ற சில துருக்களுக்கு வாழ்க்கையை முடிக்க இரண்டு விதமான செடிகள் தேவை. ஹொலிஹொக் துருவுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரே செடியில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும். கொப்புளத்தில் உருவாகும் வித்துகள் ஓய்வெடுக்காமல் அங்கேயே முளைத்து, மெல்லிய சிறு வித்துகளைக் காற்றில் விடும். அவை பக்கத்து ஈர இலையில் விழுந்தால் கதை மறுபடி தொடங்கிவிடும். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்து இலைகள் மடிவதால் இந்தச் சுற்றுக்கு ஓர் இடைவெளி விழுகிறது. நம் மலையில் இலை மடிவதே இல்லை. நோய்க்கு வருடம் முழுக்க விருந்து. குளிர் நாட்டுப் புத்தகம் சொல்லும் கவனத்தைவிட நாம் கூடுதலாக எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தேயிலையில் பிளிஸ்டர் வரும் காலத்தைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 1946இல் இலங்கைக்கு வந்த அந்தக் கொப்புள நோய்க்கும் மூடுபனியும் தூறலும்தான் தீனி. மழைக்காலத்துக்கு முன் நிழல் மரங்களின் கிளையைக் கழித்து வெயிலையும் காற்றையும் உள்ளே விடுவது தோட்டங்களில் வழக்கம். ஹொலிஹொக்குக்கும் அதே வைத்தியம்தான்.

அல்சியா ருகோசாவை நான் சிபாரிசு செய்வதும் இந்த நோயை வைத்துத்தான். தோட்ட ஹொலிஹொக்கைவிட இது துருவை நன்றாகத் தாங்கும். அத்தி இலைபோலப் பிளந்த இலையுடைய அல்சியா ஃபிசிஃபோலியாவுக்கும் இந்தக் குணம் உண்டு. தாங்கும் என்றால் வரவே வராது என்று பொருளல்ல. வந்தாலும் சில இலைகளோடு நிற்கும், செடியைத் தின்று தீர்க்காது. ஆனால் பக்கத்திலேயே நோய்பிடித்த சாதாரண ஹொலிஹொக்கை வைத்துக்கொண்டு இதைத் தனியே காப்பாற்ற நினைப்பது வீண்.

கொப்புளம் கண்ட இலையை அன்றே கிள்ளி எரித்துவிடுங்கள். கூட்டெருக் குழியில் போடாதீர்கள். செடி நன்றாக வேரூன்றிய பிறகு தரையில் படும் இலைகளை நோய் இல்லாவிட்டாலும் கழிக்கலாம், அடிப்பகுதி காற்றோட்டமாக இருக்கும். தண்ணீரை வேரடியில் மட்டும், காலையில் ஊற்றுங்கள். மாலையில் குழாயைப் பிடித்துத் தலையோடு நனைப்பது நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். மருந்து தெளிப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் நாலு செடிக்கு மருந்துப் பம்பைத் தோளில் மாட்டுவது தேவையில்லாத வேலை என்பது என் அபிப்பிராயம்.

மண்ணும் இடமும்

உங்கள் மண் புளிப்பா என்று அறிய ஒரு சுலப வழி உண்டு. வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு. ரோஸ் நிறமென்றால் புளிப்புக் குறைவு. வெள்ளை வகையை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, அது எந்த மண்ணிலும் வெள்ளைதான். மலையகத்தில் எங்கு பார்த்தாலும் நீலமாக இருப்பது தற்செயலல்ல. மண்ணின் புளிப்பை பி.எச். என்ற அளவால் சொல்வார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தேயிலைக்கு அது 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் போதும். ஹொலிஹொக் கேட்பது 6க்கு மேல், 7ஐ ஒட்டி.

இதற்குத் தோட்டங்களில் கவ்வாத்து நேரத்தில் போடும் டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளே போதும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி தூவி, முள்ளால் ஆழமாகக் குத்திக் கிளறிவிடுங்கள். அதே நாளில் யூரியாவோ புதுக் கோழி எருவோ சேர்க்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் அவற்றிலிருக்கும் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். உண்மையில் இந்தச் செடிக்குக் கோழி எருவே வேண்டாம். நுவரெலியாவில் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் அள்ளிக் கொட்டும் பழக்கத்தில் இதற்கும் கொட்டினால் இலை தளதளவென்று வளரும், தண்டு பொதுக்கென்று இருக்கும், முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும். நன்றாக மக்கிய கூட்டெரு நடும்போது ஒரு கூடை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம். அவ்வளவுதான்.

இடத்தைத் தேர்வதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், தண்ணீர் நிற்கவே கூடாது. நம்மூர் நிலம் சரிவாக இருப்பது இதற்கு வரம். படிக்கட்டு நிலமென்றால் தட்டின் வெளி விளிம்போரம் நடுங்கள். மேல்தட்டின் அடியை ஒட்டிய உள் மூலையில் எப்போதும் ஊற்றுநீர் கசியும், அங்கே நட்டால் ஆணிவேர் அழுகிவிடும். சமதரை மட்டும்தான் உண்டென்றால் ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி, மண்ணோடு பருமணலும் உடைத்த செங்கல்லும் கலந்து, சுற்றிலும் கான் வெட்டிவிடுங்கள்.

லயத்தில் இருப்பவர்களுக்கும் சின்ன வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நல்ல இடம் கைவசம் இருக்கிறது. இஸ்தோப்புக்கு முன்னால், தகரக் கூரையின் நீர் சொட்டும் கோட்டுக்கு உட்புறம், வெயில் படும் சுவரோரம். மழை நேரடியாக இலையில் விழாது. பகலில் சூடேறும் சுவர் இரவிலும் கொஞ்சம் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். சுண்ணாம்புச் சுவரென்றால் உதிரும் காரையும் மண்ணின் புளிப்பைக் குறைக்கும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி நடுங்கள், காற்று பின்புறமும் போய் வரட்டும்.

விதைப்பும் நடவும்

விதை தட்டையானது, கையாளச் சுலபம். அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டு லேசாக மூடினால் போதும். 15 முதல் 20 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைக்கும். மலையகத்தின் சாதாரண நாள் வெப்பமே அதுதான், வேறு ஏற்பாடு தேவையில்லை.

அகலத் தட்டில் விதைத்துப் பிறகு பிடுங்கி நடும் வழக்கத்தை இந்தச் செடியில் காட்டாதீர்கள். ஆணிவேர் முறிந்தால் பிழைத்தாலும் தேறாது. தேயிலைத் தவரணையில் கன்று வளர்க்கும் நீளமான பொலித்தீன் பை இதற்கென்றே செய்ததுபோல அமையும். ஒரு பையில் இரண்டு விதை போட்டு, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். நாலைந்து இலை வந்ததும், வேர் பையின் அடியைத் தொட்டுச் சுருளும் முன், பையைக் கிழித்து மண்கட்டியோடு நட வேண்டும். இரண்டு செடிக்கு நடுவே 60 சென்ரிமீற்றர் விடுங்கள். இடைவெளி கூடினால் நட்டமில்லை.

ஊவாப் பக்கத்தவர்கள் மாசி, பங்குனியில் விதைத்து, சித்திரையின் பின்னேர மழையோடு நட்டால், கச்சான் காற்று தொடங்கும் முன் வேர் இறங்கிவிடும். நுவரெலியாப் பக்கத்தவர்கள் ஆவணி, புரட்டாதியில் கூரைக்கடியில் விதைத்து, மார்கழி தையில் நிலத்துக்கு மாற்றுவது உசிதம். வைகாசி மழைக்குள் அது கொஞ்சம் பலப்பட்டிருக்கும். முதல் சில வாரம் தண்ணீர் காட்டுங்கள். அப்புறம் நீண்ட வரட்சியில் மட்டும் போதும்.

காற்று பலமான இடத்தில் தண்டு முழங்கால் உயரம் வரும்போதே கம்பு ஊன்றிக் கட்டிவிடுங்கள். இரண்டு மீற்றர் தண்டு சாய்ந்த பிறகு நிமிர்த்தப் போனால் அடியோடு முறியும். நத்தைகள் இளங்கன்றைத்தான் குறிவைக்கும், மழையிரவில் டோர்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். வரட்சியில் இலையடியில் சிற்றுண்ணி வரலாம். காய் முற்றும்போது பருத்திக்கு வரும் சிவப்பு நாவாய்ப் பூச்சி விதையை உறிஞ்ச வந்தால் உதறித் தள்ளிவிடுங்கள்.

பூத்து ஓய்ந்த தண்டை நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். விதைக்கு உழைக்காமல் பலம் அடிக்குத் திரும்பும், செடி நீடித்து வாழ அது உதவும். விதை வேண்டுமென்றால் ஒரு தண்டை மட்டும் விட்டு, காய் பழுப்பாகிக் காய்ந்ததும் எடுத்துத் தாள் உறையில் வைக்கலாம். ஆனால் ஹொலிஹொக் இனங்கள் ஒன்றோடொன்று சுலபமாகக் கலக்கும். பக்கத்தில் சிவப்பு ஹொலிஹொக் நின்றால் தேனீ தன் வேலையைக் காட்டிவிடும், அடுத்த தலைமுறையில் ரோஸும் மஞ்சளும் கலந்த நிறங்கள் வரலாம். அழகாகவே இருக்கும், ஆனால் அது ருகோசா அல்ல, துருவைத் தாங்கும் குணமும் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது.

விதை வாங்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் விதைப் பை கொண்டு வருவது நம்மிடையே சகஜம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், கட்டுநாயக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையின் பரிசோதனையும் உண்டு. கோப்பிக்கும் தேயிலைக்கும் நோய் வந்த கதையைத் தெரிந்த நாம் இதை வெறும் கெடுபிடியென்று தள்ளிவிடக் கூடாது.

செடியே கூடத் தோட்டத்தை விட்டு வெளியே பரவிவிடக்கூடியது. ஹக்கலைப் பூங்கா 1861இல் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பரீட்சிக்கத் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து எத்தனையோ குளிர்நாட்டுச் செடிகள் இந்த மலைக்கு வந்தன. பெரும்பாலானவை தோட்டத்துக்குள்ளேயே இருந்துகொண்டன. மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் என்ற முட்செடி மட்டும் அப்படி அடங்கி இருக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த அது இன்று ஹோர்ட்டன் சமவெளியில் உள்ளூர்ப் புற்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தன்னார்வலர்கள் வருடாவருடம் பிடுங்கியும் தீர்ந்தபாடில்லை. ஹொலிஹொக் அப்படிப் பரவியதாகப் பேச்சில்லை என்றாலும் இதுவும் தானாக விதை சிந்தி முளைக்கும் வகை, அதுவும் புல்வெளியில் பிறந்த செடி. பட்டிப்பொல, அம்பேவெல, ஒஹிய என்று பத்தனை எனும் மலைப் புல்வெளிகளையும் காட்டையும் ஒட்டி வீடு உள்ளவர்கள் விதைக்கென்று ஒரு தண்டைக் கூட விடாமல், காய் பச்சையாக இருக்கும்போதே வெட்டி எரித்துவிடுங்கள்.